தலைக்குக் குளித்த நாள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேட்ரன் கேட்டார். நான் பத்தாவது வரை படித்தவள். அதற்குமேல் ஒன்றரை வருஷம் துணைச் செவிலியர் பயிற்சி. ஊசி, மருந்து, கருவி எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகையால் அவற்றை விட்டுவிட்டு நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். தப்பு விஷயத்தில் எனக்கு உங்களைவிட அனுபவம் அதிகம்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. காரைக்காலில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். அந்தக் கட்டடத்தில் இப்போது பாத்திரக்கடை இருக்கிறது. ஒரே ஒரு பெண் மருத்துவர், நர்ஸுகள் நாங்கள் மூன்று பேர். மருத்துவரை ஊரே டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே எழுதுகிறேன். பிரசவம் நேரம் காலம் பார்த்து வருவதில்லை. டாக்டரம்மாவுக்கு உட்காரவே பொழுது இருக்காது. அதனால் பிள்ளை இல்லை என்று வைத்தியத்துக்கு வரும் பெண்களைக் கவனிக்கும் பொறுப்பு மெல்ல மெல்ல என் கைக்கு வந்துவிட்டது. யாரும் கொடுக்கவில்லை. நானே ஆசையாக எடுத்துக்கொண்டேன்.

கருமுட்டையைத் தூண்டும் ஹார்மோன் மாத்திரை எங்கள் பக்கம் பழக்கத்துக்கு வந்திருந்த காலம். ரத்தப்போக்கு தொடங்கிய நாளை முதல் நாளாக வைத்து எண்ணி, ஐந்தாம் நாளிலிருந்து ஐந்து நாள் சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகு இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை கணவனும் மனைவியும் சேர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவோம். எல்லாமே நாள் கணக்குத்தான். அந்தக் கணக்குக்காகச் சுவரில் முருகன் படம் போட்ட மாதக் காலண்டர் ஒன்று மாட்டியிருந்தேன். ஒவ்வொரு பெண்ணின் பெயரின் முதல் எழுத்தையும் அவளுக்குரிய தேதியில் எழுதி வட்டம் போடுவேன். மாத்திரை அட்டையை முருகன் காலடியில் ஒரு தடவை வைத்துவிட்டுத்தான் கையில் கொடுப்பேன். சஷ்டி விரதம் இருக்கச் சொல்லுவேன். பட்டினச்சேரியிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண்ணிடம் மட்டும் அவர்கள் முறைப்படி துவா செய்துகொள்ளச் சொன்னேன். அந்த அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது.

விவரம் இல்லாமல் போன இடம் வேறு.

முதல் நாள் எது என்று அந்தப் பெண்களிடம் கேட்க எனக்கு வாய் வராது. பெஞ்சில் மாமனார் உட்கார்ந்திருப்பார், கொழுந்தன் நிற்பான். எந்த நாள் ரத்தம் வந்தது, எப்படி வந்தது, எதற்குப் பிறகு வந்தது என்றெல்லாம் எப்படிக் கேட்பது? அதற்கு ஒரு நாசூக்கான வழி கண்டுபிடித்தேன். "எப்பம்மா தலைக்குக் குளிச்சே?" என்று கேட்பேன். எங்கள் பக்கத்தில் தூரமான பெண் மூன்று நாள் ஒதுங்கி உட்கார்ந்துவிட்டு, நாலாம் நாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வீட்டுக்குள் வருவாள். தலைக்குக் குளித்த நாள் நாலாம் நாள் என்றால், மறுநாள் ஐந்தாம் நாள். மறுநாளே மாத்திரை. இதைவிடச் சுலபமான கணக்கு உண்டா? யாருக்கும் கூச்சமில்லை, யாரும் தலை குனிய வேண்டாம். மற்ற இரண்டு நர்ஸுகளுக்கும் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன்.

இன்னொரு நாசூக்கும் செய்து வைத்திருந்தேன். புதிதாக வரும் பெண்களுக்கும், சில மாதத்துக்கு ஒரு தடவை பழையவர்களுக்கும் டாக்டரம்மா உள்பரிசோதனை செய்து, மரக்குச்சியால் கர்ப்பப்பை வாயை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, சோதனைக்குப் புதுச்சேரிக்கு அனுப்புவார். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அப்படி எடுத்த அன்று இரண்டு சொட்டு ரத்தம் கசிந்தது. தங்கவிருந்த கரு போய்விட்டது என்று அவள் வீட்டார் வாசலில் நின்று ஒப்பாரி வைத்துவிட்டார்கள். அதிலிருந்து, மாத்திரையில் இருப்பவர்களை நான் பரிசோதனை மேசைப் பக்கமே விடுவதில்லை. எல்லாரும் நல்லா இருக்காங்கம்மா என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுவேன். அவரும் அடுத்த பிரசவத்துக்கு ஓடிவிடுவார்.

வசந்தா குரும்பகரத்திலிருந்து வந்தவள். இருபத்தேழு வயது, கல்யாணமாகி ஆறு வருஷம். வீட்டுக்காரர் சொந்த நிலத்தில் பாடுபடுகிறவர், கேட்டால் ஒரு வார்த்தை பேசுவார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. முதல் தடவை வந்தபோது டாக்டரம்மா இரண்டு பேருக்கும் சோதனையெல்லாம் செய்து, பெரிய குறை எதுவும் தெரியவில்லை என்று மாத்திரை எழுதினார். அதன்பிறகு பத்து மாதம் அவள் என் பொறுப்பு.

முதல் ஆறேழு மாதம் காலண்டரில் மாதத்துக்கு ஒரு வட்டம் இருந்தது. பிறகு இரண்டு விழ ஆரம்பித்தது. நாலாம் தேதி ஒரு 'வ', பதினெட்டாம் தேதி ஒரு 'வ'. தலைக்குக் குளித்தேன் என்று வந்து நிற்பாள். மறுநாளிலிருந்து மாத்திரை கொடுப்பேன். கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது? மாதத்துக்கு இரண்டு தடவை ஏன் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன், மாத்திரை அப்படித்தான் முன்னே பின்னே தள்ளும் என்று. அந்த நாளில் என்னிடம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பதில்தான். தலைவலியா, மாத்திரை. வயிறு உப்புசமா, மாத்திரை. கோபம் வருகிறதா, அதுவும் மாத்திரை.

ஒரு தடவை வசந்தா மாத்திரையை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள். "அக்கா, இது எப்பவும் வர்ற மாதிரி இல்லக்கா," என்றாள். பின்னாலேயே அவள் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்தி, "மாத்திரை சூடும்மா. மோர் நெறயக் குடி," என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். மோர் குடித்திருப்பாள். சொன்னதைக் கேட்கிற பெண்.

நடவு நேரத்தில் ஒரு நாள் அவளுடைய மாமியார் தனியாக வந்தார். கையில் குடை. வரிசையில் பதினைந்து பேர் இருக்க, யாரையும் பார்க்காமல் நேராக என் மேசைக்கு வந்தார்.

"ஏங்க நர்சம்மா, ஒங்க மாத்திரையச் சாப்புட்டா மாசத்துக்கு ரெண்டு தடவ ஒதுங்கணும்னு இருக்குதா? நாத்து நடுற ஆளு பன்னெண்டு பேரு. இவ கொல்லையில போயி குந்திக்கிட்டா யாரு சோறு பொங்குறது?"

வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். "நீங்கதான் பொங்குங்களேன்" என்று சொல்லி இன்னொரு சிரிப்பு வாங்கிக்கொண்டேன். அன்று சிரிக்காதவர் ஒருவர்தான். திரைக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்த டாக்டரம்மா ஈரக்கையோடு வெளியே வந்து, அந்த அம்மாளை உள்ளே வரச் சொல்லி ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். என்னையும் கூப்பிட்டார்.

அம்மாளுக்கு ஸ்டூல் கிடைத்ததும் தைரியம் கூடிவிட்டது. மருமகள் வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்பதுதான் அவருடைய வழக்கு. அதற்கு அவரிடம் சாட்சியும் இருந்தது.

"எம் மவன் வாசல்ல கட்டிலு போட்டுப் படுக்கிறவன். இந்தத் தேதியிலேர்ந்து உள்ள படுன்னு நீங்க எழுதிக் குடுக்குறீங்கல்ல, அன்னிக்கு மட்டும் உள்ள படுப்பான். மறுநா விடிஞ்சா இவ ஒதுங்கிக் கெடப்பா. ஒரு தடவன்னா சரிங்க. ஒவ்வொரு தடவயுமா? ஒரே வூட்டுல கெடக்குறோம், எனக்குத் தெரியாதா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. வசந்தாவை நாளைக்கே அழைத்து வாருங்கள், சோறு யார் பொங்கினாலும் சரி என்று அந்த அம்மாளை அனுப்பிவிட்டு, காலண்டரைக் கழற்றி எடுத்து வரச் சொன்னார். பழைய தாள்களையெல்லாம் புரட்டி, இரண்டிரண்டாக விழுந்திருந்த 'வ'க்களை எண்ணினார்.

"இதெல்லாம் முதல் நாள் எப்படிக் கண்டுபிடிச்சே?"

தலைக்குக் குளித்த கணக்கைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ரத்தம் எதனால் வந்தாலும் எங்கள் பெண்கள் ஒதுங்கித்தான் உட்காருவார்கள். ஒதுங்கினால் தலைக்குக் குளித்துத்தான் உள்ளே வருவார்கள். நான் ரத்தத்தை விசாரிக்கவே இல்லை. குளியலை விசாரித்திருக்கிறேன். கணவனோடு சேர்ந்த பிறகு கசிந்த ரத்தத்தையெல்லாம் மாதவிலக்கு என்று வட்டம் போட்டு, அதை வைத்து மேலும் மேலும் ஹார்மோன் மாத்திரை கொடுத்திருக்கிறேன். அதுவும் முருகன் காலடியில் வைத்து.

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. ஒரு தாளை எடுத்து, எந்தெந்தத் தேதியில் எத்தனை மாத்திரை கொடுத்தேன் என்று ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் வாங்கி, மேலே தன் கையால் ஒரு வரி சேர்த்தார். பத்து மாதமாக நோயாளியை நான் பரிசோதிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "என்னுது முதல்ல, உன்னுது ரெண்டாவது" என்று சொல்லிவிட்டு அதைக் கேஸ் காகிதத்தோடு சேர்த்துக் குத்தினார். பிள்ளைகளே, தப்பு செய்தவரைக் கண்டுபிடிப்பதில் நேரம் போகாத ஆஸ்பத்திரியை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. அன்று மொத்தம் கால் மணி நேரத்தில் அந்த வேலை முடிந்துவிட்டது.

மறுநாள் வசந்தாவை மேசையில் படுக்க வைத்தோம். டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்தார். கர்ப்பப்பை வாயில் ஒரு பக்கம் பஞ்சு பட்டாலே ரத்தம் கசிந்தது. சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, ஸ்பிரிட் ஊற்றிய ஜாடியில் போட்டு மூடினார். வழக்கமாகத் தபாலில்தான் போகும். இந்தத் தடவை, "நீயே கொண்டு போ," என்றார்.

காரைக்காலிலிருந்து புதுச்சேரி வரை ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கண்டக்டர் ஊறுகாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிதம்பரம் தாண்டியதும் பக்கத்து சீட்டு அம்மாள் என்ன ஊறுகாய் என்று கேட்டார். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கந்தர் சஷ்டி விரதத்துக்கு வேண்டிக்கொண்டேன். அந்தப் பெண்ணைக் காப்பாற்றினால் ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடித்து இருக்கிறேன் என்று. பிறகு இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் அப்படியே விட்டால் ஆகக்கூடும். அணுக்களில் வைரஸ் தொற்றிய அடையாளம் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். வைரஸ் என்றால் ஜலதோஷம் மாதிரியா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். இனம் ஒன்றுதான், இது உட்காரும் இடம் வேறு, கர்ப்பப்பை வாயில் சத்தம் போடாமல் வருஷக்கணக்கில் இருக்கும் என்றார். அந்த விஷயமே அப்போதுதான் பெரிய இடங்களில் பேச ஆரம்பித்திருக்கிறார்களாம்.

எனக்குக் கேட்க வேண்டியது வேறொன்று இருந்தது. கேட்டேன்.

"நான் குடுத்த மாத்திரையாலதான் இது வந்துச்சாம்மா?"

"தெரியாது," என்றார். "மாத்திரையால வந்துச்சுன்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்ல. மாத்திரை இருந்ததால நாம பாக்காம விட்டோம்ங்கிறதுக்கு ஆதாரம் இருக்கு. உன் காலண்டர்."

புதுச்சேரியில் ஒரு பெரிய டாக்டர், எதற்கு வம்பு, கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னார். டாக்டரம்மா டிரங்கால் போட்டுப் பேசினார். பிள்ளைக்காக ஆறு வருஷமாகக் காத்திருக்கிற பெண், கெட்டுப்போன ஓரத்தை மட்டும் வெட்டி எடுங்கள், சுத்தமாக எடுத்தாயிற்றா என்று பார்த்துவிட்டு மீதியைப் பிறகு பேசலாம் என்று. லைன் இரண்டு தடவை அறுந்தது. இரண்டு தடவையும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கடைசியில் அந்தப் பெரிய டாக்டர் ஒப்புக்கொண்டார்.

வீட்டாரிடம் சொல்ல வேண்டியது என் பங்கு. கர்ப்பப்பை வாயில் புண், சின்ன ஆபரேஷன், மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னேன். வசந்தாவிடம் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், என் கணக்கு உட்பட. "நான் அன்னிக்கே சொல்ல வந்தேங்க்கா," என்றாள். ஆமாம்மா, வந்தே என்றேன்.

மாமியார் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையார் உண்டு. நான் காலையில் விளக்கு வைக்கிற இடம். அங்கே என்னை மடக்கினார்.

"இந்தப் பிள்ளையாரு மேல கைய வச்சு சொல்லுங்க நர்சம்மா. இது கெட்ட நடத்தையில வர்ற சீக்குதானே? அவளால வந்துச்சா, எம் மவனால வந்துச்சா?"

பொய் சொன்னால் பிள்ளையார் பார்த்துக்கொண்டிருக்கிறார். சேர்க்கையில் தொற்றுவதுதான் என்று உண்மையைப் பாதி சொன்னால் அந்தப் பெண் அன்றைக்கே தாய் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும், புதுச்சேரிக்குப் போக மாட்டாள். யோசிக்க எனக்குக் கிடைத்தது விளக்குத் திரியைத் தூண்டிவிடுகிற நேரம். கையை வைத்தேன்.

"சத்தியமா சொல்றேன். குடும்பம் நடத்துற யாருக்கும் இது வரலாம். எப்ப வந்துச்சு, யாருகிட்டேர்ந்து வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. வெளிய தெரியாம எத்தனையோ வருஷம் இருக்கும். எனக்கும் இருக்கலாம். ஒங்களுக்கும் இருக்கலாம்."

"எனக்கா?"

"பாத்தாத்தான் தெரியும்."

அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். வெயில் இல்லை. நான் போய் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். சரியாத்தான் சொல்லியிருக்கே என்றார். பிறகு மேசையைக் காட்டினார். "எனக்கும் இருக்கலாம்னு சத்தியம் பண்ணியிருக்கே. ஏறு."

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, மூன்று பிள்ளைகள். எத்தனையோ பெண்களை அந்த மேசையில் ஏற்றியிருக்கிறேன். நான் ஏறியது அதுதான் முதல் தடவை. விளக்கு முகத்தில் அடித்தபோது ஒன்று புரிந்தது. யாருக்கும் கூச்சம் வரக் கூடாது என்று இத்தனை நாளாக நான் காப்பாற்றி வந்தது என்னுடைய கூச்சத்தைத்தான். அந்தப் பெண்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஒருத்தி கேட்காமலே சொல்ல வந்தாள்.

அடுத்த வாரம் அந்த மாமியார் வந்து வரிசையில் உட்கார்ந்தார். என்ன என்று கேட்டேன். "பாருங்க," என்றார். அவ்வளவுதான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. அவர் அதை ஒரு பரீட்சையில் தேறியதுபோல் எடுத்துக்கொண்டு, குரும்பகரத்திலிருந்து இன்னும் ஐந்தாறு பேரை இழுத்து வந்தார். "அதுக்கப்புறம் ரத்தம் படுதான்னு கேக்குறாங்கள்ல, வாயத் தொறந்து சொல்லுடி," என்று வரிசையில் உட்கார்ந்தபடியே அதட்டுவார். எனக்குப் பத்து மாதமாக வாய் வராமல் இருந்த கேள்வியை அவர் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கேட்டார். ஒருவரும் செத்துவிடவில்லை.

வசந்தாவுக்குப் புதுச்சேரியில் ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். சுத்தமாக வந்துவிட்டது என்று காகிதம் வந்தது. டாக்டரம்மா ஒரு வருஷம் மாத்திரையைத் தொடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சுரண்டிப் பார்த்தார். பிறகு மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை காலண்டர் இல்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு. எந்த நாள், எவ்வளவு, எதற்குப் பிறகு என்று மூன்றையும் கேட்டு எழுதினேன். முருகன் சுவரிலேயே இருந்தார், கணக்கில் மட்டும் அவரை இழுக்கவில்லை.

மூன்றாவது தடவை மாத்திரை கொடுத்த பிறகு வசந்தா வந்து நின்றாள். "எழுத ஒண்ணும் இல்லக்கா," என்றாள். "நாப்பத்தஞ்சு நாளாச்சு."

வெட்டி எடுத்த வாய் என்பதால் கருவைத் தாங்காமல் போகலாம் என்று டாக்டரம்மா அதில் ஒரு தையல் போட்டு, பிரசவம் வரைக்கும் படுக்கையை விட்டு அதிகம் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாமியார் என்னைப் பார்த்தார். அந்த வருஷமும் நடவு இருந்தது, ஆள் பன்னிரண்டு பேர். யார் சோறு பொங்குவது என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

வாராவாரம் அவர் மட்டும் வந்து மருமகளைப் பற்றிக் குறை சொல்லுவார். காலையில சாப்புட மாட்டேங்குறா. கால் வீங்கியிருக்குது, சொன்னா கேக்க மாட்டேங்குறா. நேத்து ராத்திரி இடுப்பு வலின்னு தூங்கல, எங்களையும் தூங்க விடல. வரிசை சிரிக்கும். நான் தலை நிமிராமல் நோட்டில் எழுதுவேன். இடுப்பு வலி என்று சொன்ன அன்று மட்டும் டாக்டரம்மா உடனே வண்டி பிடித்துக் குரும்பகரத்துக்குப் போனார். போனது நல்லதாயிற்று.

"நான் பாட்டுக்கு வயித்தெரிச்சலுல பேசுறேன், நீங்க என்னத்தங்க எழுதுறீங்க?" என்று ஒரு நாள் கேட்டார்.

"நீங்க சொல்றதைத்தான்," என்றேன்.

பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் அவர் என் மேசைக்கு வந்து நின்று, ராவெல்லாம் அழுவுது, ஒரு பொட்டுக் கண்ண மூட முடியல என்று புகார் சொன்னார். தேதி போட்டு அதையும் எழுதிக்கொண்டேன்.